கோடும் மணலும்: வடசென்னையிலிருந்து அழகு குறித்துச் சில குறிப்புகள்

1

திருவொற்றியூரில் ஒரு சிறு வாசகர் வட்டத்தில் 'அழகும் படைப்புச் சிந்தனையும்' என்கிற தலைப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மொட்டை மாடி, முப்பது நாற்காலி, ஒரு டியூப்லைட். நானும் தயார் செய்துகொண்டுதான் போனேன். 1790-இல் காண்ட் எழுதிய மூன்றாவது விமர்சன நூலில் ஆரம்பித்து, அழகை நுகர்வதற்குப் பயன் கருதாத மனநிலை வேண்டும் என்று அவர் சொன்னதை விளக்கி, அந்தப் 'பயன் கருதாமை' யாருக்குக் கட்டுப்படியாகும் என்கிற மார்க்சிய விமர்சனம் வரை ஒரு சுற்று சுற்றி வந்து உட்கார்ந்தேன். கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "சார், நீங்க சொன்னதுல பாதி எனக்குப் புரியல. நான் பெயின்ட் செக்‌ஷன்ல இருந்தவன். வண்டி டேங்க் மேல கையால கோடு இஸ்துகினு இருந்தேன். ரிட்டயர் ஆவற வரைக்கும் அதான் வேலை. அது நீங்க சொல்ற அழகுல வருமா, வராதா?"

நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்னமும் கூச்சமாக இருக்கிறது. கைவினை என்பது திரும்பச் செய்வது, கலை என்பது புதிதாகச் செய்வது, ஆகவே இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "ஓகோ, சரி சார்"னு அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த 'சரி'யில் ஒப்புதல் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு விமர்சகன் என்று திரிகிற எனக்கு, அழகைப் பற்றி எந்த இடத்தில் நின்று பேசுகிறோம் என்கிற ஓர்மையே இல்லாமல் போயிருக்கிறது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தாமதமாகத் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

2

நின்ற இடத்திலிருந்தே தொடங்கலாம். சென்னையின் அழகு எது என்று யாரைக் கேட்டாலும் மெரினா என்பார்கள். அந்த அழகுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 1870-களின் நடுவில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயலில் அது உடைந்து, மறுபடியும் கட்டப்பட்டது. கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர் மணலின் வழியை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் சுவருக்குத் தெற்கே குவிந்து அகன்ற கடற்கரையானது. 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவுசாலை அமைத்து 'மெரினா' என்று பெயரும் வைத்தார்.

சுவருக்கு வடக்கே என்ன நடந்தது? வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் கரையை அரித்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் மீனவக் குப்பங்களின் மணல் வருடா வருடம் போனது. மணலோடு தெருக்களும் வீடுகளும் போயின. இன்றைக்கு அந்தக் கரையோரம் நடந்தால் காலில் படுவது பெரும்பாலும் கொட்டி வைத்த கருங்கல்தான். வலை காயவைக்க இடமில்லை. கட்டுமரத்தை இழுத்துப் போட இடமில்லை. பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லை. ஒரே சுவர், ஒரே மணல். தெற்கே அது அழகாகச் சேர்ந்தது, வடக்கே அதுவே பறிபோனது. 'வடசென்னையில் என்னப்பா அழகு இருக்கு' என்று கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அழகு இல்லாத இடம் என்பது பல நேரம் அழகு எடுத்துக்கொள்ளப்பட்ட இடம்.

இதே மெரினாவில்தான் 1959-இல் உழைப்பாளர் சிலையை நிறுவினார்கள். செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நல்ல சிற்பம், சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சிற்பம் உழைப்பின் அழகை எங்கே வைக்கிறது? புடைத்த தசையில், வளைந்த முதுகில். உழைப்பாளி உடலாக இருக்கிறான், யோசிக்கிறவனாக இல்லை. பாறையை எந்தப் பக்கம் நெம்பினால் நகரும் என்று அந்த நால்வரில் யாரோ ஒருவர் யோசித்திருக்க வேண்டுமே? அந்த யோசனைக்குச் சிற்பத்தில் இடமில்லை. இன்னொரு முரணும் உண்டு. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் மே தினக் கூட்டங்களை நடத்தியது இந்தக் கடற்கரை நகரத்தில்தான். உழைப்பின் சின்னத்தைத் தெற்கே சேர்ந்த மணலில் நட்டுவிட்டு, உழைக்கிறவர்களை மணல் போன வடக்கே வைத்திருக்கிறோம்.

3

அழகுக்கும் உழைக்கும் கைக்கும் என்ன உறவு என்கிற கேள்வி இந்த நகரத்துக்குப் புதிதில்லை. குறைந்தபட்சம் இரண்டு பதில்கள் ஏற்கனவே இருக்கின்றன.

முதல் பதில் காலனியத்தின் பதில். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற மருத்துவர் சென்னையில் கலைப் பள்ளியைத் தம் சொந்த முயற்சியில் தொடங்கினார். சீக்கிரமே அரசு அதை ஏற்றுக்கொண்டது. உள்ளூர் மக்களின் ரசனையை உயர்த்துவது, அன்றாடம் புழங்கும் பொருள்களில் வடிவ நேர்த்தியைக் கொண்டுவருவது என்பதெல்லாம் அதன் நோக்கங்கள். அன்றாடப் பொருளில் அழகு என்கிற எண்ணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் அடியில் ஒரு முன்முடிவு கிடக்கிறது: இவர்களுக்குக் கை இருக்கிறது, ரசனை இல்லை, ரசனையை நாம் தர வேண்டும். பானை வனைந்தவர்களும் நெய்தவர்களும் உலோகம் வார்த்தவர்களும் அதற்கு முந்தைய ஆயிரம் வருடம் ரசனை இல்லாமலா செய்துகொண்டிருந்தார்கள்? 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் நிலையத்தின் முகப்பில் கிரேக்கத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அழகு கப்பலில் வந்து இறங்குவது என்கிற நம்பிக்கையைக் கட்டடமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது பதில் நம்முடையது, ஆகவே இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர் திரு.வி.க. அதே திரு.வி.க. 1925-இல் 'முருகன் அல்லது அழகு' என்ற நூலை எழுதினார். ஒரு தொழிற்சங்கத் தலைவர் அழகைப் பற்றித் தனி நூல் எழுதியது தமிழில் சாதாரணமான விஷயமில்லை. இந்த இரண்டு திரு.வி.க.வையும் சேர்த்து வாசிக்கிற பழக்கம் நமக்கு இல்லை. சங்கத்துக்காரர்கள் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். சைவர்கள் இன்னொருவரை எடுத்துக்கொண்டார்கள்.

சேர்த்து வாசித்தால் என்ன தெரிகிறது? முருகு என்றால் மணம், இளமை, கடவுள் தன்மை, அழகு என்று விரித்துக்கொண்டு போகிறவர், அந்த அழகை இயற்கையில் காண்கிறார். மலை, காடு, அருவி, செயற்கை கலவாத வாழ்வு. அழகை ஒரு விக்கிரகத்துக்குள் அடைக்காமல் வெளியே கொண்டுவந்தது பெரிய காரியம். ஆனால் என் வாசிப்பில் ஒரு இடம் உறுத்துகிறது. அழகு இயற்கையிலும் அழிவு செயற்கையிலும் இருக்கிறது என்றால், ஆலைக்குள் நாள் பூரா நிற்கிறவனுக்கு அழகோடு என்ன தொடர்பு? அவன் ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போய்த்தான் பார்க்க வேண்டுமா? பகலில் ஆலைத் தொழிலாளியின் கூலிக்காகப் பேசிய ஒருவர் அவனது தறிக்குள் அழகைத் தேடவில்லை. தறியில் அறுந்த நூலை விரல் கண்டுபிடித்து முடிச்சுப்போடுகிற அந்த நொடியில் இருக்கிற அறிவு அவரது அழகுக் கோட்பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

வெளியே நின்றவர்கள் வேறு சிலரும் உண்டு. 1921 ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மோதிக்கொண்டார்கள். குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரே ஆலையில் வேலை செய்த கைகளுக்கு நடுவில் இருந்த அந்தக் கோட்டைச் சங்கத்தால் அழிக்க முடியவில்லை. அழகு எல்லோருக்கும் பொது என்று எழுதுவதற்கு முன்னால் 'எல்லோரும்' என்பது யார் யார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் புளியந்தோப்பு ஞாபகப்படுத்துகிறது.

4

நான் படித்த தமிழில் இதற்கு வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லி, கடைசி எட்டை 'வனப்பு' என்கிறது: அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது கண்ணில் படாத ஒரு விஷயம் இப்போது பட்டது. 'அழகு' என்பது எட்டில் ஒன்றுதான். செய்யுளுக்கென்றே தேர்ந்த சொற்களால் சீராகக் கட்டியது அழகு. அது வனப்பின் ஒரு வகை. முழு வனப்பும் அது இல்லை.

மற்ற இரண்டைப் பாருங்கள். 'விருந்து' என்பது புதிதாக வந்த யாப்பு, புதிய ஆக்கம். புதுமை என்பது அழகுக்கு எதிரானது என்றோ அதற்குப் பின்னால் வருவது என்றோ இங்கே பேச்சில்லை. புதுமையே வனப்பில் ஒன்று. 'புலன்' என்பது இன்னும் வியப்பு. சேரிமொழியில், அகராதி புரட்டத் தேவையில்லாமல் கேட்டவுடன் குறித்தது விளங்கும்படி சொல்வது. அங்கே சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடம். சேரிமொழி என்பது வழக்குமொழி. ஆனால் நம் காலத்தில் வடசென்னைப் பேச்சைக் கேலி செய்ய எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களோ, அதே சொல்லை இலக்கணம் வனப்பின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆக, தேர்ந்த சொல், புதுமை, சேரிமொழி மூன்றும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. பிறகு வந்த நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வாசலில் நிறுத்திவிட்டோம்.

வனப்பு தனி உறுப்பில் கிடைப்பதில்லை, உறுப்புகள் திரண்ட முழுமையில் கிடைக்கிறது என்பது உரை மரபு. இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன். அழகு என்பது செய்து முடித்த பிறகு மேலே பூசுவது இல்லை. செய்யும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் 'இது போதும், இது போதாது, இந்தப் பக்கம் வளை' என்று எடுக்கிற முடிவுகளின் திரட்சி அது. படைப்புச் சிந்தனை என்று நாம் பெரிய பெயர் வைத்து அழைப்பதும் இதே முடிவெடுத்தல்தான். அப்படியானால் எங்கே ஒரு கைக்கு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதோ அங்கே இரண்டும் சேர்ந்து பிறக்கும். எங்கே அந்த உரிமை பறிக்கப்படுகிறதோ அங்கே இரண்டும் சேர்ந்து சாகும்.

5

இப்போது பெரியவரின் கோட்டுக்கு வரலாம்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று நீளும் இந்தப் பட்டைக்கு இருபதாம் நூற்றாண்டின் தொழில் வரலாறே ஒரு சுருக்கமாக வந்து சேர்ந்தது. விம்கோ தீப்பெட்டி ஆலை வந்தது. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்த ஒரு கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் பிறகு அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா. 1960-களின் இறுதியில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. இந்த ஆலைகளோடு சேர்ந்து ஒரு சிந்தனையும் வந்தது. அமெரிக்காவின் டெய்லர் 1911-இல் எழுதிய மேலாண்மை நூலின் சாரம் அது. யோசிப்பது திட்ட அலுவலகத்தின் வேலை. செய்வது மட்டும் தொழிலாளியின் வேலை. இரண்டையும் பிரித்துவிட வேண்டும். தேனீயையும் கட்டடக் கலைஞனையும் ஒப்பிட்டு, மனிதன் தன் மனதில் முதலில் கட்டிவிட்டுத்தான் வெளியே கட்டுகிறான் என்று மார்க்ஸ் 1867-இல் சொன்னதற்கு நேர் எதிரான ஏற்பாடு. கட்டுகிறவன் ஒருவன், மனதில் கட்டுகிறவன் வேறொருவன்.

இந்த ஏற்பாட்டின் நடுவில், என்ஃபீல்டு புல்லட் வண்டியின் டேங்க் மேல் ஓடும் பொன்னிறக் கோட்டை மட்டும் மனிதக் கைதான் போட்டுக்கொண்டிருந்தது. அச்சு இல்லை, அளவுகோல் இல்லை. தூரிகையில் பெயின்ட்டைத் தோய்த்து, டேங்கின் வளைவை ஒட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. வளைவு வரும்போது அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா, பெயின்ட் இன்றைக்கு வெயிலில் தண்ணியாக ஓடுகிறதா கெட்டியாக நிற்கிறதா என்பதை அந்த நொடியில் கைதான் தீர்மானிக்க வேண்டும். ஒரு டேங்கின் கோடு இன்னொன்றைப் போல அச்சாக இருக்காது. 'திரும்பச் செய்வது' என்று நான் அலட்சியமாகச் சொன்னேனே, அந்தத் திரும்பச் செய்தலுக்குள் ஒவ்வொரு முறையும் ஒரு புது முடிவு இருக்கிறது. அது புலனும் விருந்தும் சேர்ந்த வனப்பு.

இங்கே நெகிழ்ந்துபோய் நின்றுவிடக் கூடாது. 1994-இல் ஐஷர் குழுமம் அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 2013-இல் ஒரகடத்தில் புது ஆலை வந்தது. கையால் போட்ட கோடு நிறுவனத்தின் பெருமையாக உலகம் பூராவும் விளம்பரமாயிற்று. எந்திரம் செய்ததை விற்க மனிதக் கை ஒரு முத்திரை. அந்தக் கலைஞர்களைப் பாராட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பட்டை பூராவும் இத்தனை ஆலைகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கான கைகளில் ஏன் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு மட்டும் யோசிக்க இடம் கிடைத்தது? கோட்டை வியக்கிறவர்கள், மிச்ச டேங்கை யார் எப்படிச் செய்தார்கள் என்பதைக் கேட்பதில்லை. அதிசயமாக ஒரு கையை உயர்த்திப் பிடிப்பதே மற்ற கைகளை மறக்கடிக்கிற வழியாகவும் இருக்க முடியும்.

ஆலைக்கு வெளியே, யாரும் பறிக்க முடியாத ஒரு இடத்தில் இந்த முடிவெடுக்கும் உரிமையை வடசென்னை காப்பாற்றி வைத்திருந்தது. சாவு வீட்டில் ராத்திரி பாடுகிற மரண கானாவைச் சொல்கிறேன். செத்தவர் பேர், அவர் பார்த்த வேலை, குடித்த டீக்கடை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் தாளம் தவறாமல் அங்கேயே கட்டி, அங்கேயே பாடப்படும். தாளம் ஒரு கட்டு. அந்தக் கட்டுக்குள் அடுத்த அடி என்ன என்பது அந்த நொடியின் யோசனை. கூடியிருக்கிறவர்கள் அழுதால் அது நின்றது, அழவில்லையென்றால் விழுந்தது. இதைவிடக் கறாரான விமர்சகர் கூட்டம் எந்த இலக்கியச் சந்திப்பிலும் கிடையாது. ரொம்ப காலம் இதை 'ரவுடிப் பாட்டு' என்று ஒதுக்கியவர்கள், சினிமாவில் வந்தபிறகு ஆடினார்கள். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியபோதுதான் கானா தன் அரசியலைத் தானே பேசும் குரலாகப் பொதுமேடைக்கு வந்தது.

6

அழகு பற்றிய பேச்சு ஏன் இவ்வளவு அவசரம் என்று தோழர்கள் கேட்கலாம். எண்ணூருக்குப் போனால் தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்ணூர் வெள்ளைக்காரர்களின் உல்லாச இடம். கழிமுகத்தை ஒட்டி பங்களாக்கள், சங்கம், படகு. அன்றைக்கு அது அழகான இடம் என்று ஆவணத்தில் இருக்கிறது. 1970-இல் அனல்மின் நிலையம் வந்தது, 2017-இல் மூடினார்கள். 1994-இலிருந்து வடசென்னை அனல்மின் நிலையம். 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்தது. ஆற்றின் ஆழம் போனது, இறாலும் நண்டும் குறைந்தன. இது எப்படி இத்தனை எளிதாக நடந்தது? ஒரு இடத்தை முதலில் 'அசிங்கம்' என்று தீர்மானித்துவிட்டால் அங்கே எதையும் கொட்டலாம். 'அங்க என்ன இருக்கு, வெறும் சேறும் முள்ளும்' என்கிற அழகியல் தீர்ப்பு வந்த பிறகுதான் நிர்வாக ஆணை வருகிறது. அலையாத்தியும் உப்பளமும் மீனவருக்குப் பாடசாலை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எங்கே வலை போடலாம் என்று சொல்கிறவரின் கண்ணுக்கு அந்தச் சேறு அழகாகத்தான் இருந்தது, ஏனென்றால் அவர் அதை வைத்து யோசித்தார். சாம்பல் மூடியபோது மீன் மட்டும் போகவில்லை. யோசிக்க வைத்திருந்த பொருளும் போனது.

2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்தபோதும் மீனவர்கள் கையாலும் வாளியாலும்தான் அள்ளினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடலைப் படித்த கைகளுக்கு இந்த அரசமைப்பு கடைசியில் கொடுத்த கருவி ஒரு வாளி. யோசிக்கிற கையை வெறும் கையாக ஆக்குவது என்று நான் சொல்வது இதைத்தான்.

7

போன மாதம் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். என் பதில் தப்பு என்று சொன்னேன். சிரித்தார். "அட, அதையா இன்னும் ஞாபகம் வெச்சுக்கினு இருக்கீங்கோ."

கோடு போட யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். ஃபோர்மேன் பெயரையோ வாத்தியார் பெயரையோ எதிர்பார்த்தேன்.

"எங்கம்மாதான். காலைல வாசல்ல சிக்குக்கோலம் போடும். ஒரு புள்ளில ஆரம்பிச்சா கோடு திரும்பி அந்தப் புள்ளிக்கே வரணும், நடுவுல தடுமாறக் கூடாது. சின்னப்ப குந்திக்கினு பார்த்துக்கினே இருப்பேன். வேலைக்குப் போனப்புறம் பிரஷ்ஷைக் கையில குடுத்தாங்கோ. கை அதுவா போச்சு."

நான் இதுவரைக்கும் எழுதியதில் ஹண்டர் இருக்கிறார், திரு.வி.க. இருக்கிறார், ராய் சௌத்ரியும் டெய்லரும் இருக்கிறார்கள். கோடு போட்ட ஆண்களும் இருக்கிறார்கள். அந்த அம்மா இல்லை. சிலையில் இருக்கிற நான்கு பேரும் ஆண்கள்தான் என்பதைக்கூட அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். பதில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துப் போனவன், இன்னும் எழுத வேண்டிய பாதியோடு திரும்பி வந்தேன்.

கிளம்பும்போது வாசலைப் பார்த்தேன். கோலம் இருந்தது, சின்னதாக. "மருமவ போட்டது"ன்னார். "கழுவி வுட்டுட்டுத்தான் போடணும். கொஞ்ச நேரத்துல தூசி வந்து மேல குந்திக்கும். அதுக்குன்னு போடாம வுட முடியுமா, சார்?"